வளவுக் குருவிகளுக்கு வெளிச்சம் வைப்பது: கமராவை விட்டுப் பிரித்து வைக்கும் பிளாஷ், திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வளவில் முருங்கை பூத்தால் காலை ஆறரைக்கே ஊதாத் தேன்சிட்டு வந்துவிடும். ஆண் குருவிக்குக் கழுத்தும் முதுகும் நீலமும் ஊதாவுமாக மின்னும். ஆனால் படத்தில் பார்த்தால் கரிக்கட்டி. ஒரு மாதம் முழுக்க எடுத்த படங்களில் நிறம் தெரிந்தவை இரண்டோ மூன்றோதான். லென்ஸில் பிழை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பிழை லென்ஸில் இல்லை, வெளிச்சம் வந்த திசையில் இருந்தது.

தேன்சிட்டின் அந்த மினுக்கம் சாயத்தால் வருவதில்லை. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிக்கும்போதுதான் அந்த நிறம் பிறக்கிறது. வெளிச்சம் நாம் பார்க்கும் பக்கத்தில் இருந்து போனால் நீலம் தெரியும். குருவிக்குப் பின்னாலிருந்தோ உச்சியிலிருந்தோ வந்தால் கறுப்புத்தான். திருகோணமலையில் காலை எட்டரைக்குப் பிறகு வெயில் மேலே ஏறிவிடும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலேயே நிற்கும். அந்த வெயிலில் குருவியின் முதுகு வெளிறும், வயிறு இருளும், கண் தொலைந்துபோகும். மர நிழலுக்குள் போனால் இலைகளின் பச்சை குருவியின் மேல் படிந்துவிடும்.

இதற்கெல்லாம் மருந்து, கமராவின் தலையில் இருந்து கழற்றி வேறிடத்தில் நிறுத்தும் ஒரு சின்ன பிளாஷ். வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும் என்பதை அதன்பிறகு நீங்கள் முடிவு செய்யலாம். கமராவின் மேலேயே பூட்டிய பிளாஷ் இதற்கு உதவாது. அது குருவியைத் தட்டையாக்கும். லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் கண்ணுக்குள் போன ஒளி நேரே திரும்பி வந்து கண்மணியை வெள்ளித் தகடுபோல் காட்டிவிடும்.

என்னென்ன வேண்டும்

கமரா எதுவானாலும் பரவாயில்லை, கையால் எல்லாவற்றையும் மாற்றும் 'எம்' நிலையும் மேலே பிளாஷ் பூட்டும் இடமும் இருந்தால் போதும். லென்ஸ் 200 முதல் 300 மில்லிமீற்றர் வரை. குருவியை உங்கள் அருகில் வரவைக்கப் போகிறோம், ஆகவே 600 மில்லிமீற்றருக்காகக் கடன்பட வேண்டாம்.

பிளாஷ் ஒன்றில் தொடங்குங்கள். கோடொக்ஸ் டிடி600 போன்ற கையால் சக்தியை மாற்றும் பிளாஷ் தாராளமாகப் போதும். நான்கு ஏஏ பற்றரியில் ஓடும், கமரா அனுப்பும் ரேடியோ சமிக்ஞையை வாங்கும் கருவி அதற்குள்ளேயே இருக்கிறது. கமராவின் மேல் பூட்டுவதற்கு, அந்தச் சமிக்ஞையை அனுப்பும் ட்ரிகர் ஒன்று, பிளாஷ் செய்த அதே நிறுவனத்தினது, வேண்டும். பற்றரி வாங்கும்போது திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் வகையை வாங்குங்கள். ஒரு காலைக்கு எட்டு பற்றரி கையில் இருந்தால் நிம்மதி.

ஸ்டாண்டுக்குக் காசு செலவழிக்க வேண்டிய தேவையில்லை. என்னிடம் இருப்பது பழைய மேசை விசிறியின் கால். மூங்கில் தடியை நிலத்தில் நட்டுக் கட்டினாலும் நிற்கும். ஆனால் மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் அடிக்கும் ஊர் இது. உரப்பையை வெட்டிச் சின்னப் பையாகத் தைத்து, கடற்கரை மணலை நிரப்பி, ஸ்டாண்டின் காலில் கட்டாமல் பிளாஷை ஏற்றாதீர்கள். ஒருமுறை சாய்ந்தால் பிளாஷ் போய்விடும், கூடவே குருவியின் நம்பிக்கையும் போய்விடும்.

முதலில் தண்ணீர், பிறகுதான் பிளாஷ்

புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் பிளாஷை வாங்கிய அன்றே குருவியைத் தேடி மரத்துக்கு மரம் ஓடுகிறார்கள். ஓடவேண்டாம். பிளாஷ் ஓரிடத்தில் நிற்கும் பொருள், குருவிதான் அந்த இடத்துக்கு வரவேண்டும். வரவைப்பதற்கு இந்த ஊரில் சாப்பாட்டை விடத் தண்ணீர்தான் வலியது. கச்சான் காலத்தில் கிணற்றடி ஈரத்துக்கே குருவிகள் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அகலமான மண் சட்டி ஒன்றை எடுங்கள். உள்ளே ஒரு தட்டைக் கல்லை வையுங்கள். தண்ணீர் ஓரத்தில் அரை அங்குலம், நடுவில் ஒன்றரை அங்குலம் இருந்தால் போதும், ஆழமான தண்ணீரில் சிறிய குருவி இறங்காது. பிளாஸ்ரிக் போத்தலின் மூடியில் ஊசியால் துளையிட்டு, தலைகீழாகக் கிளையில் கட்டித் துளித் துளியாகச் சட்டிக்குள் விழவிட்டால் சத்தமே அழைப்பாகிவிடும். கொண்டைக்குருவி அந்தச் சத்தத்துக்கு வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சட்டியைப் பற்றைக்கு ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்கும். சுற்றிலும் இரண்டு மீற்றர் வெளி இருக்கட்டும். ஆனால் குருவி பயந்தால் பாய்ந்து ஏற ஒரு மரம் நான்கைந்து மீற்றருக்குள் இருக்கவேண்டும். கோட்டையடிப் பக்கம் வீடு உள்ளவர்கள் சட்டியை ஒரு மேசை உயரத்தில் வையுங்கள், தரையில் வைத்தால் மான் வந்து குடித்துவிட்டு ஸ்டாண்டையும் தட்டிவிடும்.

நுளம்பு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். தண்ணீரை நாளாந்தம் ஊற்றிவிட்டு மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு தடவை சட்டியின் உட்பக்கத்தைத் தும்புத்தடியால் உரசித் தேயுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீரோடு போகாது, நீர்மட்டத்துக்கு மேலே சட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். குருவிக்காக வைத்த சட்டியால் அயல் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது.

சட்டிக்கு ஓரடி மேலே, ஓரடி தள்ளி, ஒரு காய்ந்த கிளையைக் கட்டுங்கள். குருவி நேரே தண்ணீரில் இறங்குவது குறைவு. முதலில் அருகில் எங்காவது இருந்து நாலு பக்கமும் பார்க்கும். அந்த இருக்கையை நாம் கொடுத்துவிட்டால் படத்தின் பாதி வேலை முடிந்தது. கிளை சுண்டுவிரல் தடிப்புக்கு மேல் வேண்டாம், குருவியின் கால் அழகாகப் பற்றியிருப்பது தெரியவேண்டும். பூவரசங் கிளை, பாசி படிந்த மாங்கிளை இரண்டும் படத்தில் நன்றாக இருக்கும். வேறு கிளை என்று எதுவும் பக்கத்தில் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிழமைக்குக் கமராவைத் தொடவேண்டாம். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால் என்று மட்டும் கொப்பியில் எழுதுங்கள். எங்கள் வளவில் புலுனிக் கூட்டம் ஏழு மணிக்கு முன்னமே கலகலத்துக்கொண்டு வரும். அவை போன பிறகுதான் குண்டுகரிச்சான் தனியாக வந்து குளிக்கும்.

பிளாஷுக்குக் குருவியைப் பழக்குவது

பிளாஷ் நிற்கப்போகும் இடத்தில் முதல் மூன்று நாளும் ஸ்டாண்டை மட்டும் நிறுத்துங்கள். அதன் தலையில் பிளாஷ் அளவான ஒரு மட்டைப்பெட்டியைக் கறுப்புத் துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். குருவிகள் அதைச் சட்டை செய்யாமல் வந்து குடிக்கத் தொடங்கியதும் பெட்டியை எடுத்துவிட்டு உண்மையான பிளாஷைப் பூட்டலாம். முதல் நாள் மிகக் குறைந்த சக்தியில், காலை முழுவதற்கும் ஐந்தாறு முறைக்கு மேல் மின்னவிடாதீர்கள்.

குருவி வெளிச்சத்துக்குத் திடுக்கிடுவதை விட ஷட்டர் சத்தத்துக்கே அதிகம் திடுக்கிடுகிறது என்பது என் அனுபவம். சத்தமில்லாத எலக்ரோனிக் ஷட்டரைப் போடலாமே என்று தோன்றும். பெரும்பாலான கமராக்களில் அந்த நிலையில் பிளாஷ் வேலை செய்யாது. ஆகவே மெக்கானிக்கல் ஷட்டரிலேயே வைத்து, நீங்கள் மறைந்திருங்கள். எனக்குக் குசினி யன்னல்தான் மறைவிடம். யன்னலில்லாத பக்கம் என்றால் இரண்டு கிடுகைச் சாய்த்து, நடுவில் லென்ஸ் போகும் அளவுக்கு ஓட்டை விட்டால் போதும்.

எங்கே நிறுத்துவது

கமரா கிளையில் இருந்து மூன்று மீற்றர். பிளாஷ் கிளையில் இருந்து ஒரு மீற்றர். இந்த ஒரு மீற்றரில்தான் சங்கதி எல்லாம் இருக்கிறது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். பிளாஷை இரண்டு மீற்றருக்குத் தள்ளினால் குருவிக்குக் கிடைப்பது காற்பங்கு. பிறகு சக்தியை நான்கு மடங்கு கூட்டவேண்டும், பற்றரி ஓடிவிடும், அடுத்த மின்னலுக்குக் காத்திருக்கவேண்டும்.

குறைந்த சக்தியால் வேறொரு நன்மையும் உண்டு. டிடி600 முழுச் சக்தியில் மின்னும்போது ஒளி சுமார் 1/230 செக்கன் நீடிக்கும், மிகக் குறைந்த சக்தியில் அது 1/20,000 செக்கனாகச் சுருங்கும். கொண்டைக்குருவி சிறகை உதறும்போது தெறிக்கும் துளிகளை உறையவைப்பது ஷட்டர் அல்ல, இந்தக் குறுகிய மின்னல்தான். பிளாஷ் அருகில் வந்தால் சக்தி குறையும், சக்தி குறைந்தால் அசைவு உறையும்.

திசைக்கு வருவோம். சாதாரணக் குருவிகளுக்கு, கமராவுக்கும் கிளைக்கும் இடையே ஒரு நேர்கோடு நினைத்துக்கொண்டு, அதில் இருந்து முப்பது பாகை பக்கவாட்டில், குருவியின் தலைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் பிளாஷை வைத்துச் சற்றே கீழ்நோக்கிச் சாயுங்கள். காலை எட்டு மணி வெயில் விழும் சாய்வுபோல் இருக்கும். இறகின் வரிகள் எழும்பித் தெரியும், கண்ணில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் குருவி உயிரில்லாததுபோல் தெரியும்.

தேன்சிட்டுக்கு இந்த முப்பது பாகை கூடிப்போய்விடும். அதற்குப் பதினைந்து பாகை அளவில், லென்ஸுக்கு நெருக்கமான கோட்டில் கொண்டுவாருங்கள். நீலம் அப்போதுதான் எழும்பும். முருங்கைப் பூங்கொத்து ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதற்கு நேரே கொக்கத்தடியில் பிளாஷைக் கட்டி வேலியில் சாய்த்து வைத்த நாளில்தான் எனக்கு அந்த நீலம் முதன்முதலாகக் கிடைத்தது.

பிளாஷின் முகத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு வெள்ளைத் திரை வேண்டும். வெறும் பிளாஷ் சின்னச் சூரியன், நிழல் கத்திவெட்டுப்போல் விழும். ஐஸ்கிரீம் பெட்டியின் வெள்ளை மூடியோ ட்ரேசிங் தாள் இரண்டு மடிப்போ போதும். பெரிதாக, அருகில், வெள்ளையாக இருப்பதே முக்கியம். திரை ஒளியைப் பாதியோ அதற்கும் குறைவோ ஆக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

எண்கள்

கமராவை 'எம்' நிலையில் வையுங்கள். ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/200 செக்கன், அப்பச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப்8, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 400, பிளாஷ் முழுச் சக்தியில் 1/16 பங்கு. தானாக மாறும் ஐஎஸ்ஓவை நிறுத்திவிடுங்கள். நிறத்தைச் சமன்செய்யும் வைட் பலன்ஸைப் பிளாஷ் குறிக்கு மாற்றுங்கள். படத்தை ரோ வடிவில், அதாவது கமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் வடிவில், சேமியுங்கள்.

ஷட்டரை 1/200க்கு மேல் கூட்ட ஆசை வரும். பெரும்பாலான கமராக்களில் பிளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகத்தின் எல்லை 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாக மறையும். எல்லையைத் தாண்ட உதவும் வேகமான நிலை ஒன்று சில பிளாஷ்களில் இருக்கிறது, ஆனால் அது சக்தியைத் தின்னும், ஒளியின் அந்தக் குறுகிய மின்னலும் இல்லாமல்போகும். தொடக்கத்தில் அதைத் தொடவேண்டாம்.

குருவி வருவதற்கு முன்னர் இரண்டு சோதனைப் படம் எடுங்கள். முதலாவது பிளாஷை அணைத்துவிட்டு. அதில் கிளை மங்கலாக, இருட்டாகத் தெரியவேண்டும். நன்றாக வெளிச்சமாகத் தெரிந்தால் இடம் சரியில்லை. திறந்த வெயிலில் 1/200 வேகத்தில் ஐஎஸ்ஓ 100க்கே எஃப்11 வேண்டும், அங்கே ஒரு சின்ன பிளாஷ் வெயிலோடு போட்டியிட முடியாது. வெயிலும் பிளாஷும் சரிபாதியாகக் கலந்தால் குருவி அசையும்போது கூரான உருவத்தைச் சுற்றி ஒரு மங்கல் நிழல் ஒட்டிக்கொள்ளும். சட்டியை மாமர நிழலுக்கு நகர்த்துங்கள்.

இரண்டாவது படம் பிளாஷோடு. கிளையில் ஒரு தவிட்டு நிற உருளைக்கிழங்கைக் குத்தி வைத்து எடுப்பேன், குருவி அளவும் குருவி நிறமும் அதற்கு இருக்கும். வெளிறினால் பிளாஷை 1/32க்குக் குறையுங்கள், இருண்டால் 1/8க்குக் கூட்டுங்கள். கமராவின் எண்களை விட்டுவிட்டுப் பிளாஷின் சக்தியை மட்டும் மாற்றுவது புதியவருக்குக் குழப்பமில்லாத வழி.

ஃபோக்கஸையும் இந்த உருளைக்கிழங்கின் மேலேயே வைத்து, மனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். 300 மில்லிமீற்றர் லென்ஸில், மூன்று மீற்றரில், எஃப்8இல், ஏபிஎஸ்-சி எனும் சற்றுச் சிறிய சென்சருக்குக் கூராக விழும் ஆழம் சுமார் 3 சென்ரிமீற்றர்தான். குருவி கிளையின் இந்தத் தலையில் இருந்தால் கூர், அந்தத் தலையில் இருந்தால் மங்கல். அதனால் கிளையைக் கமராவுக்குக் குறுக்காக, நேர்ப் பக்கவாட்டில் கட்டுங்கள்.

பின்னணி கறுத்துப்போனால்

எல்லோரும் முதலில் முட்டும் சுவர் இது. குருவி பளிச்சென்று இருக்கும், பின்னால் நடுச்சாமம். பிளாஷில் இருந்து ஒரு மீற்றரில் குருவி, மூன்று மீற்றரில் வேலி என்றால் வேலிக்குப் போவது ஒன்பதில் ஒரு பங்கு ஒளி. பகலில் எடுத்த படம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

முதல் வழி, ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றிப் பிளாஷைப் பாதியாக இறக்குவது. பின்னணிக்கு இயற்கை வெளிச்சம் சற்றுச் சேரும். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: கிளைக்குப் பின்னால் மூன்று நான்கு மீற்றரில், காலை வெயில் நேரே விழும் ஒரு வாழைக் கூட்டம் வருமாறு கமராவின் இடத்தை மாற்றுவது. குருவி நிழலில், வாழையிலை வெயிலில். பின்னணி தானாகவே மெல்லிய பச்சையாக விரியும். வளவைச் சுற்றி நடந்து இந்தக் கோணத்தைத் தேட ஒரு காலையைச் செலவழியுங்கள், வீண்போகாது. இரண்டுக்கும் வழியில்லையென்றால் மட்டும் இரண்டாவது பிளாஷ் வாங்கி வேலியின் மேல் அடியுங்கள்.

இரண்டாவது பிளாஷுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. குருவி குளிக்கும் படத்துக்கு, அதைக் குருவியின் பின்பக்கம், பக்கவாட்டில், 1/64 சக்தியில் வையுங்கள். ஒவ்வொரு துளிக்கும் ஓரம் பிடிக்கும். அதன் ஒளி நேரே லென்ஸுக்குள் பாயாமல் கறுப்பு மட்டை ஒன்றைப் பக்கத்தில் மறைப்பாக ஒட்டிவிடுங்கள்.

படம் எடுக்கும் காலை

ஆறரைக்கு முன்னர் எல்லாம் தயாராக இருக்கட்டும், எட்டரைக்கு முடித்துவிடுங்கள். பின்னேரம் நான்கில் இருந்து ஐந்தே முக்கால் வரை இன்னொரு வாய்ப்பு. தொடர்ந்து சுடும் நிலையில் வைக்காதீர்கள். ஒரு தடவை, ஒரு படம். குருவி தலையைத் திருப்பி, கண் உங்கள் பக்கம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள்.

அயலவருக்கு முதலே சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்துக் கேட்டார்: "தம்பி, பின்னேரத்தில உங்கட வளவுக்குள்ள என்ன மின்னுது? மழையும் இல்லையே." குருவி படம் எடுக்கிறேன் என்றதும், "அப்ப எங்கட பப்பாவில குக்குறுவான் வந்து தின்னுது, அதையும் எடு ராசா" என்றார். அந்தப் பப்பா மரத்தடியில்தான் நான் குக்குறுவானை முதலில் படமெடுத்தேன். இன்னொன்று, இது கடற்படைத் தளமும் விமானப்படைத் தளமும் உள்ள ஊர். முகாம் வேலிப் பக்கம் லென்ஸைத் திருப்பவோ, இருட்டில் அந்தத் திசையில் பிளாஷ் அடிக்கவோ வேண்டாம்.

எப்போது பிளாஷை அணைத்துவிட வேண்டும்

கூட்டில் ஒருபோதும் அடிக்காதீர்கள். தேன்சிட்டு விறாந்தையில் தொங்கும் வயரிலேயே கூடு கட்டும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆசை வரும். தாய் குஞ்சை விட்டு விலகிய நேரத்தில் காகம் வந்துவிடும். ஒரு படத்துக்கு அந்த விலை கூடாது.

ஆந்தைக்கு இரவில் அடிக்காதீர்கள். இருட்டுக்கு விரிந்திருக்கும் கண்ணில் திடீர் மின்னல் விழுந்தால் அது சற்று நேரம் பார்வை தடுமாறும், அந்த நேரத்தில் பறந்தால் வயரிலோ சுவரிலோ மோதலாம். பிரித்தானியப் பறவைப் படப்பிடிப்பாளர் எரிக் ஹொஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டுக்கு அருகே போய் ஒரு கண்ணையே இழந்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஒக்டோபரில் மாரியோடு இந்தியாவில் இருந்து ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். வந்த களைப்பில் சில வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கும். அப்படிக் கிடைத்தால் கமராவை எடுக்காதீர்கள். காற்றோட்டமுள்ள மட்டைப்பெட்டியில், இருட்டில், அமைதியாக வைத்து, தெளிந்ததும் பற்றையோரம் விட்டுவிடுங்கள். அது வளவில் தங்கி, சருகைக் கிளறித் திரியத் தொடங்கிய பிறகு பிளாஷைத் தாழ்வாக, முழங்கால் உயரத்தில் வைத்து எடுக்கலாம். அதன் வயிற்றுச் சிவப்பு நிழலுக்குள் வேறு எந்த வழியிலும் சரியாக வராது.

மற்ற நாட்களில் குருவியே சொல்லும். மின்னியதும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் குடித்தால் தொடரலாம். பறந்து போய்ப் பத்து நிமிடத்துக்குள் வராவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கடும் வெக்கை நாளில், தண்ணீருக்கு வேறு வழியில்லாமல் வரும் குருவியை விரட்டிக் களைக்கவைக்கக் கூடாது.

உப்புக் காற்றும் மாரியும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். உப்புக் காற்று பிளாஷின் அடியில் உள்ள உலோகப் புள்ளிகளில் படிந்தால் ட்ரிகர் ஒருநாள் பேசும், ஒருநாள் பேசாது. வேலை முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் அந்தப் புள்ளிகளையும் பற்றரி முனைகளையும் துடையுங்கள். பற்றரியை உள்ளே விட்டு வைக்காதீர்கள், கசிந்தால் பிளாஷ் திரும்ப எழும்பாது. காலைப் பனிக்கும் தூறலுக்கும் பிளாஷின் தலையில் ஒரு தெளிவான பொலித்தீன் பையைக் கவிழ்த்து, கீழ்ப்பக்கம் திறந்திருக்க விடுங்கள். முழுக்கக் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும்.

நவம்பர், டிசம்பரில் விடாமழை பிடித்தால் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது அந்த மாதங்களில்தான். இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, வெயில் கண்ட நாளில் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். கிளையையும் அவிழ்க்க வேண்டாம், ஸ்டாண்டையும் பிடுங்க வேண்டாம். தலையில் அந்தக் கறுப்புத் துணி சுற்றிய மட்டைப்பெட்டியைத் திரும்பக் கட்டி, நனையாமல் பொலித்தீனால் மூடிவிட்டால், தை பிறந்து பிளாஷை மறுபடி பூட்டும்போது குருவிகளைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்காது.